தளம் தேயும் விதமும் அதைப் பரீட்சிக்கும் முறையும்

கான்கிரீட் வேலையை மேற்பார்க்கும் நம்மவரில் பெரும்பாலோர், அதன் உறுதி முழுவதையும் ஒரே ஓர் எண்ணில் அடக்கிவிடலாம் என்று நம்புகின்றனர். 150 மி.மீ. பக்கமுள்ள கட்டிகளை வார்த்து, 28-ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கி, அவை உடைந்தபோது காட்டிய அளவைப் பதிவேட்டில் குறித்துவிட்டால், கட்டடத்துக்குச் செய்யவேண்டிய பரீட்சை யாவும் செய்து முடித்ததாக அவர்களுக்கு ஒரு திருப்தி உண்டாகிறது. தூணுக்கும் உத்தரத்துக்கும் அந்த எண் போதும். அவை பாரத்தைத் தம் முழு உடலாலும் தாங்குகின்றன. ஆனால் மனிதர் நடந்தும், வண்டி உருண்டும், பெட்டிகளை இழுத்தும் அனுதினமும் உபயோகிக்கும் தளமானது, தன் மேற்பரப்பில் உள்ள சில மில்லிமீட்டர் கனத்தைக் கொண்டே ஆயுளை நடத்துகிறது. அந்தக் கனம் போய், ஜல்லி தலைகாட்டி, பள்ளம் விழுந்தபின், அடியிலுள்ள கான்கிரீட் எவ்வளவு வலியதாயினும் அதனால் பிரயோஜனம் இல்லை.

ஆகவே தேய்வைத் தாங்கும் குணம் கலவையைக் காட்டிலும் மேற்பரப்பையே அதிகம் சார்ந்தது என்பதையும், அதைப் பரீட்சிப்பவர் அந்த மேற்பரப்பையே, அது நாளை எவ்விதம் தேயப்போகிறதோ அவ்விதமாகவே பரீட்சிக்கவேண்டும் என்பதையும் இந்த அத்தியாயத்தின் சாரமாக வாசகர் கொள்ளலாம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் தேரோடும் வீதிகள் வரையுள்ள நிலப்பகுதியில் பலவகைத் தேய்வுகளையும் ஒருங்கே காண முடிவதால், உதாரணங்களை இப்பகுதியிலிருந்தே எடுத்துக்கொண்டோம்.

தேய்வின் மூவகை

முதல் வகை அரைத்துத் தேய்ப்பது. கடினமான நுண்துகள் ஏதேனும் காலடிக்கும் தரைக்கும் நடுவே அகப்பட்டு, அழுத்தத்தோடு நகரும்போது இது நிகழ்கிறது. முதுநகர் மீன் இறங்குதளத்தில் ஐஸ் நொறுங்கி, கிளிஞ்சல் சில்லுகள் சிதறி, பெட்டிகள் தரையோடு இழுபட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்கரை மணல் காலோடும் சக்கரத்தோடும் ஓயாமல் வந்து சேர்கிறது. அம்மணலில் பெரும்பங்காயுள்ள குவார்ட்ஸ், மோஸ் என்பார் வகுத்த கடின அளவையில் 7-ஆம் படியில் நிற்பது. சாதாரண இரும்பாணியோ 5-ஐச் சற்றே தாண்டுவது. இறுகிய சிமெண்டுப் பசை அதனினும் மெலிவானது. எனவே பரீட்சை இயந்திரத்தில் நாம் விலைகொடுத்து வாங்கித் தூவும் தேய்ப்புத் தூளின் தொழிலை, துறைமுகத்தில் கடலே இலவசமாகச் செய்துகொடுக்கிறது என்று சொல்லலாம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெற்களங்களிலும் இதே வகைத் தேய்வே நடக்கிறது. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் மிகப் பெரும்பங்கு சிலிக்காவே ஆகையால், போகந்தோறும் நெல்லைப் பரப்பி, பலகையால் தள்ளி, கிளறி வாரும் களத்தின் மேற்பரப்பு மெல்ல மெல்ல அரைபடுகிறது.

இரண்டாம் வகை, கடினமான சக்கரம் குறுகிய இடத்தில் பெரும் பாரத்தை இறக்கி, உருண்டும் இடித்தும் சுரண்டியும் உண்டாக்கும் தேய்வு. சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களின் கிடங்குகளில், பாரம் ஏற்றிய கைவண்டிகளின் சிறு இரும்புச் சக்கரங்கள் செய்யும் தீங்கு, அவற்றைவிடப் பன்மடங்கு கனத்த லாரியின் ரப்பர் சக்கரங்கள் செய்யும் தீங்கைக் காட்டிலும் அதிகம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தில் தேர் புறப்படும் வீதிகளில், ஆண்டுக்குச் சில நாட்களே சக்கரம் உருண்டாலும், வளைவுகளில் தேரைத் திருப்பும்போது உண்டாகும் உராய்வும் அழுத்தமும் சாதாரணப் போக்குவரத்தின் கணக்கில் அடங்குவன அல்ல.

மூன்றாம் வகை, ஓடும் நீர் சுமந்து வரும் மணலும் கூழாங்கல்லும் செய்வது. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836-இல் அமைத்த கீழணை போன்ற அணைகளிலும் கதவணைகளிலும், கதவின் அடியில் சீறிப் பாயும் நீர் மணலைச் சுழற்றி அடித்தளத்தைக் குடைகிறது. இதை நெற்களத்துக்கான பரீட்சையால் அறிய முயல்வது பயன் தராது.

மேற்பரப்பு எவ்வாறு கெடுகிறது

தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே கான்கிரீட்டின் வலிமையை நிர்ணயிக்கிறது என்னும் நியதியை, அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் வெளியிட்டார். ஒரே கலவையில், ஒரே நாளில் போட்ட தளத்திலும் இந்த விகிதம் மேலும் கீழும் ஒன்றாக இருப்பதில்லை. ஜல்லியும் மணலும் கீழே அமர, நீர் மேலே கசிந்து நிற்கிறது. அந்நீர் வற்றுமுன் கொத்தனார் மணியாசுக் கட்டையால் தேய்த்தால், அவ்வளவு நீரும் மேற்பரப்பிலேயே கலந்து, அடிக்கலவை எத்தனை நேர்த்தியாயிருந்தும், மேலே ஒரு மெலிந்த தோல் உண்டாகிவிடுகிறது. நீரை உறிஞ்சுவதற்காக உலர்ந்த சிமெண்டைத் தூவி மெழுகுவதும், மெழுகுவதற்கு எளிதாக இருக்கும் என்று மறுபடியும் நீர் தெளிப்பதும் நம் ஊர்களில் சர்வ சாதாரணமான பழக்கங்கள். இரண்டும் முதல் நாளில் கண்ணாடிபோன்ற பளபளப்பையும், ஆறு மாதத்தில் பொடி விடும் தளத்தையும் தருகின்றன.

அடுத்த காரணம் நீராற்றலில் உள்ள குறை. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டுக்கும், வெயிலும் வறட்சியும் மிகுந்த காலத்துக்கும் 10 நாளும் ஈரம் காக்கவேண்டும் என்பது இந்தியத் தர விதிநூலாகிய ஐ.எஸ். 456-இன் விதி. கத்திரி வெயிலோடு கடற்காற்றும் சேர்ந்து வீசும் கடலூரில், திறந்த களத்தின் மேற்பரப்பு அடிப்பகுதியைவிட மிக விரைவில் உலர்ந்துவிடுவதால், ஈரம் தவறிய ஒவ்வொரு நாளின் நஷ்டமும் தேய்கின்ற அந்த மேற்கனத்தின் மேலேயே விழுகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலோ, பிறவகைச் சாம்பலோ கலந்த கான்கிரீட் தன் வலிமையை நிதானமாகவே அடையும். அதனை அவசரப்பட்டு உலரவிட்டவர், சாம்பலைக் குறைகூற நியாயம் இல்லை. முதுநகரில் உப்பனாற்றை அடுத்த கிணறுகளின் நீர் பல இடங்களில் உப்புக் கரிப்பதால், கலவைக்கும் நீராற்றுதலுக்கும் கொள்ளும் நீரை முன்கூட்டியே சோதிப்பது அவசியம். கம்பி இட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமும், கம்பி இல்லாததற்கு 2000 மில்லிகிராமும் குளோரைடுக்கு மேலெல்லையாக அதே விதிநூல் குறிக்கிறது.

ஜல்லியின் பரீட்சை

மேல்தோல் தேய்ந்தபின் பாரத்தை ஏற்பது ஜல்லியே ஆதலால், அதன் தரத்தை முன்னரே அறியவேண்டும். கடலூருக்கு மேற்கே கேப்பர் மலையில் செந்நிறமாகக் காட்சியளிப்பதும், புவியியல் நூல்களில் கடலூர் மணற்கல் என்ற பெயராலேயே வழங்குவதுமான பாறை, இரும்புச் சத்தால் தளர்வாகப் பிணைந்த மணலாகையால், தேயும் தளத்துக்கு அதன் சரளை உதவாது. வானூர், திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரியில் வரும் கருங்கல் ஜல்லியே இதற்கு ஏற்றது. ஆயினும் கருங்கல் என்ற பெயரை மட்டும் நம்பாமல், லாஸ் ஏஞ்சலிஸ் உருளைச் சோதனைக்கு அதை உட்படுத்துவது விவேகம்.

இச்சோதனையை ஐ.எஸ். 2386-இன் நான்காம் பகுதி (1963) விவரிக்கிறது. 700 மி.மீ. உள்விட்டமும் 500 மி.மீ. நீளமும் கொண்ட எஃகு உருளையில், கழுவி உலர்த்திய ஜல்லியையும், ஏறத்தாழ 48 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டுகளையும் இட்டு, நிமிஷத்துக்கு 20 முதல் 33 சுற்று வேகத்தில் சுழற்றுவார்கள். வழக்கமான ஜல்லி அளவுகளுக்கு 500 சுற்று. பெரிய அளவுகளுக்கு 1000 சுற்று. பிறகு 1.70 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழுந்த தூளின் எடை முழு எடையில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடவேண்டும். 5000 கிராம் ஜல்லியில் 1400 கிராம் தூளானால் அது 28 சதவீதம். தேயும் தளங்களுக்கு 30 சதவீதமும், பிறவற்றுக்கு 50 சதவீதமும் உச்ச வரம்பு என்று ஐ.எஸ். 383 கூறுவதால், மேற்சொன்ன ஜல்லி தளத்துக்கும் ஏற்கத் தக்கதே.

சுழல்தட்டுச் சோதனை

நம் நாட்டில் மிகவும் பழகிய தேய்வுப் பரீட்சை, சிமெண்ட் கான்கிரீட் தரையோடுகளுக்காக 1959-இல் முதன்முதல் வெளியாகி, 1980-லும் 2012-லும் திருத்தம் பெற்ற ஐ.எஸ். 1237-இல் கூறப்படுவது. பெயரளவில் ஓட்டுக்கு உரியதாயினும், தளத்திலிருந்து அறுத்தெடுத்த துண்டையும் இதே இயந்திரத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

துண்டின் பக்கம் 70.6 மி.மீ.; அதாவது தேயும் பரப்பு ஏறத்தாழ 5000 சதுர மி.மீ. அதை 110 பாகை வெப்பத்தில் 24 மணி நேரம் உலர்த்தி, 0.1 கிராம் நுட்பத்துக்கு எடைபோட்டு, கன அளவையும் குறித்துக்கொள்ளவேண்டும். பின்னர் தேயவேண்டிய முகம் கீழ்நோக்கும்படி பிடிப்பானில் பொருத்தி, சுழலும் இரும்புத் தட்டின் மேல் 300 நியூட்டன் பாரத்தோடு அமர்த்துவார்கள். தட்டின் தேய்ப்புத் தடத்தில் 20 கிராம் அலுமினாத் தூளைச் சீராகத் தூவி, நிமிஷத்துக்கு 30 சுற்று வீதம் 22 சுற்று ஓடியதும் நிறுத்தி, பழைய தூளைத் துடைத்து, புதிதாக 20 கிராம் இட்டு, துண்டை 90 பாகை திருப்பி மீண்டும் ஓட்டவேண்டும். இவ்வாறு 220 சுற்று முடிந்ததும் துண்டைத் துடைத்து எடைபோட, இழந்த எடை தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. இழந்த எடையைத் தொடக்கக் கன அளவால் பெருக்கி, தொடக்க எடையும் பரப்பும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுத்தால், சராசரித் தேய்வு மில்லிமீட்டரில் கிடைக்கும். கன அளவு 1,50,000 கன மி.மீ., எடை 360 கிராம் உள்ள ஒரு துண்டு 19 கிராம் இழந்ததாகக் கொள்வோம். 19-ஐ 1,50,000-ஆல் பெருக்கி, 360-ஐ 5000-ஆல் பெருக்கிய தொகையால் வகுக்க, ஏறத்தாழ 1.58 மி.மீ. வருகிறது. பொது உபயோக ஓடுகளுக்குச் சராசரி 3.5 மி.மீ., தனித் துண்டுக்கு 4 மி.மீ.; கனத்த உபயோகத்துக்குச் சராசரி 2 மி.மீ., தனித் துண்டுக்கு 2.5 மி.மீ. என்பன வரம்புகள். நம் உதாரணத் துண்டு கனத்த உபயோகத்துக்கும் தேறுகிறது.

தெருக்களில் பதிக்கும் பேவர் பிளாக்குகளுக்கு, 2006-இல் வெளியாகி 2021-இல் திருத்தம் பெற்ற ஐ.எஸ். 15658 தனியே விதி வகுக்கிறது. ஜெர்மானியர் பேமெ பெயரால் வழங்கும் முறையை ஒட்டிய அதில், 22 சுற்று கொண்ட ஓட்டம் 16 முறை நடப்பதால் மொத்தம் 352 சுற்று ஆகிறது. முடிவும் கனத்தில் அன்றி, 5000 சதுர மி.மீ. பரப்பில் இழந்த கன அளவாகக் கூறப்படுகிறது. ஆகவே ஒரு விற்பனையாளர் காட்டும் ஓட்டுச் சோதனை எண்ணையும், மற்றொருவர் காட்டும் பிளாக்குச் சோதனை எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கூடாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை முக்கியம். எஃகு அச்சில் வார்த்த கட்டியின் பக்க முகத்தைச் சோதித்து, அந்த எண்ணைத் தளத்துக்குப் பொருத்துவது பெரும் தவறு. அச்சை ஒட்டிய முகத்தில் கசிநீரும் இல்லை, கொத்தனாரின் கரணையும் படவில்லை, வெயிலும் உறைக்கவில்லை. அம்முகம் தேறியதனால் தளத்தின் மேல்முகம் தேறியதாகாது. வேலை தொடங்குமுன், அதே கொத்தனார், அதே கலவை, அதே நாளின் வெயிலில், 2 மீட்டர் சதுரத்துக்கு ஒரு மாதிரித் தளத்தை இட்டு, விதிப்படி நீராற்றி, 28-ஆம் நாளில் அதிலிருந்து மேல்முகத்தோடு துண்டுகளை அறுத்தெடுப்பதே செம்மையான வழி. சாம்பல் மிகுந்த கலவையானால் 56-ஆம் நாளிலும் ஒருமுறை சோதிப்பது பயன் தரும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கட்டடப் பொறியியல் துறை முதலிய கூடங்களை நாடுவோர், இயந்திரம் உண்டா என்பதையும், துண்டின் அளவையும் முன்னரே விசாரித்துக்கொண்டு அறுப்பது நலம்.

பிற முறைகள்

சக்கரமும் காற்றும் நீரும் செய்யும் தேய்வுகளுக்குத் தனித்தனிப் பரீட்சைகள் உண்டு. 1979-இல் வெளியான ஐ.எஸ். 9284, அழுத்தக் காற்றால் மணலைப் பீய்ச்சி அடித்து, கான்கிரீட் இழந்த எடையை அளக்கும் முறையைக் கூறுகிறது. அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். சி 944 என்னும் முறையில், பற்சக்கரங்கள் கோத்த 82.5 மி.மீ. விட்டமுள்ள வெட்டுமுனையை, துளையிடும் இயந்திரத்தில் பொருத்தி, 98 நியூட்டன் பாரத்தோடு நிமிஷத்துக்கு 200 சுற்று சுழற்றுவார்கள். இரும்புச் சக்கரக் கைவண்டி ஓடும் கிடங்குத் தளத்துக்கு, தட்டுச் சோதனையைக் காட்டிலும் இது நெருங்கிய பரீட்சை.

தளம் போட்டு முடிந்தபின் அதை அறுக்க விரும்பாதவர்க்கு, இங்கிலாந்தில் வழங்கும் சாப்ளின் கருவி உகந்தது. கடினமாக்கிய மூன்று எஃகுச் சக்கரங்கள் தளத்தின் மேலேயே 2850 சுற்று ஓடி, வளையமாய் ஒரு தடத்தை உண்டாக்குகின்றன. அதன் ஆழமே தீர்ப்பு. மிகச் சிறந்த தளத்தில் அந்த ஆழம் 0.05 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது, சாதாரணத் தொழிற்கூடங்களுக்கு 0.20, இலகுவான உபயோகத்துக்கு 0.40 மி.மீ. வரை அனுமதி உண்டு.

கீழணை போன்ற நீர்வேலைகளுக்கு ஏ.எஸ்.டி.எம். சி 1138 உரியது. எஃகுத் தொட்டியின் அடியில் கான்கிரீட் வில்லையை வைத்து, நீர் நிரப்பி, மூன்று அளவுகளில் 70 எஃகுக் குண்டுகளை இட்டு, நிமிஷத்துக்கு 1200 சுற்று சுழலும் துடுப்பால் நீரைக் கலக்குவார்கள். 12 மணிக்கு ஒருமுறை எடை பார்த்து, 72 மணி நேரம் இது நடக்கும்.

இயந்திரமின்றிச் செய்யத்தக்கவை

பஞ்சாயத்து மேற்பார்வையாளருக்கோ, சிறு களத்தின் சொந்தக்காரருக்கோ இத்தனை சாதனங்களும் கிட்டுவது அரிது. அவர் செய்யத்தக்க நான்கு பரிசோதனைகள் உள்ளன. தளத்தை நன்கு பெருக்கியபின் கறுப்புத் துணியை அழுத்தித் தேய்க்க, துணி வெளுத்தால் மேல்தோல் பொடி விடுகிறது என்று கொள்ளலாம். இரும்பாணியால் கீற, நல்ல தளத்தில் ஆணியின் இரும்புக் கோடே படியும். மெலிந்த தளத்தில் வெண்மையான பள்ளம் விழும். ஒரு துளி நீர் விட, நெருக்கமான பரப்பில் அது சில நிமிஷம் நிற்கும். உடனே உறிஞ்சப்பட்டால் நீராற்றலில் குறை உண்டு. கடைசியாக, நேரான மட்டப்பலகையை வாயிற்படி, வண்டி திரும்பும் மூலை, மூட்டை இறக்கும் இடம் ஆகியவற்றில் வைத்து, அதன் அடியில் தெரியும் இடைவெளியை ஆண்டுக்கொருமுறை அளந்து எழுதிவந்தால், எந்த இயந்திரமும் தரமுடியாத உண்மையான தேய்வுக் கணக்கு கைவரும். இவை தீர்ப்பு அளிப்பன அல்ல. எந்த இடத்தை முறைப்படி சோதிக்கவேண்டும் என்று சுட்டிக்காட்டுவன.

சோதனையில் தவறிய தளத்தை உடனே இடித்தெறிய வேண்டியதில்லை. குறை மேல்தோலோடு நின்றிருந்தால், அதை இயந்திரத்தால் அரைத்து நீக்கி, சோடியம் சிலிக்கேட் போன்ற திரவத்தை ஊறவிட்டு இறுக்கி, மறுபடியும் பரீட்சிக்கலாம். அடிக்கலவையே மெலிவாயிருந்தால், இத்திரவங்கள் சில மாதங்களுக்குப் பொடியை அடக்குமேயன்றி, தேய்வைத் தடுத்து நிறுத்தமாட்டா.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

முடிவாக, எண்ணை வாங்கியவர் அதை உபயோகிக்கும் விதம். உலர்ந்த துண்டில் கிடைத்த எண், எப்போதும் நனைந்திருக்கும் மீன் இறங்குதளத்துக்கு அப்படியே பொருந்தாது. ஊறிய கான்கிரீட் அதிகம் தேயும் ஆகையால், அத்தகைய இடங்களுக்குக் கனத்த உபயோக வரம்பையே விதிக்கவேண்டும். ஒரே துண்டின் முடிவைக் கொண்டு ஒரு களத்தை ஏற்பதும் தள்ளுவதும் நியாயம் அன்று. மிகுதியாகத் தேயும் இடம் ஒவ்வொன்றிலும் மூன்று துண்டாவது எடுத்து, சராசரியையும், மோசமான துண்டின் எண்ணையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

ஒப்பந்தப் பத்திரத்தில் "தளம் தேயாததாக இருக்கவேண்டும்" என்று எழுதுவதால் ஒருவருக்கும் நன்மை இல்லை. எந்த விதிநூலின் எந்த முறை, துண்டு மாதிரித் தளத்திலிருந்தா முடிந்த தளத்திலிருந்தா, எத்தனையாம் நாளில், எத்தனை துண்டு, சராசரி வரம்பும் தனி வரம்பும் யாவை, தவறினால் அரைத்து இறுக்குவதா பெயர்த்துப் போடுவதா, அச்செலவு யாருடையது என்னும் ஏழும் அதில் தெளிவாக இருக்கவேண்டும். கலவை போட்ட தேதி, அன்றைய வெயிலும் காற்றும், மெழுகத் தொடங்கிய நேரம், நீராற்றிய நாட்கள் ஆகியவற்றை மேற்பார்வையாளர் அன்றன்றே குறித்து வைத்திருந்தால், எண் தவறிய வேளையில் குறை குவாரியிலா, கலவையிலா, கரணையிலா, நீரிலா என்பதை வாதமின்றித் தீர்மானித்து, அடுத்த தளத்தைத் திருத்தமாகப் போட முடியும்.